வக்கீலின் வாய்க்குப் பூட்டு உண்டு, ஃபோனுக்கு?

2022 ஆகஸ்ட் 3. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், ஆஸ்டின் நகரத்தில் ஒரு கோர்ட். சாட்சி சொல்ல உட்கார்ந்திருப்பவர் அலெக்ஸ் ஜோன்ஸ். 2012-ல் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஞாபகம் இருக்கா? அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை, எல்லாம் நாடகம் என்று தன் நிகழ்ச்சியில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அப்பாவும் அம்மாவும் இவர் மேல் அவதூறு வழக்கு போட்டிருந்தார்கள். "சாண்டி ஹுக் பற்றி என் ஃபோனில் தேடிப் பார்த்தேன், ஒரு மெசேஜும் இல்லை" என்ற அர்த்தத்தில் ஜோன்ஸ் ஏற்கெனவே சத்தியம் செய்து சொல்லியிருந்தார்.

பெற்றோர் தரப்பு வக்கீல் மார்க் பாங்க்ஸ்டன் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார். 12 நாளைக்கு முன்னாடி உங்க வக்கீல்கள் தவறுதலாக உங்க ஃபோனின் முழு நகலையும் எனக்கு அனுப்பிட்டாங்க, அது உங்களுக்குத் தெரியுமா? இரண்டு வருஷத்து மெசேஜ் அத்தனையும் என்கிட்ட இருக்கு, தெரியுமா?

அந்த ஹாலில் இருந்த எல்லாரையும் விட ஜோன்ஸின் முகத்தைத்தான் அன்றைக்கு உலகம் பார்த்தது. சாண்டி ஹுக் பற்றிய மெசேஜ் அதில் இருந்தது. டெக்சஸ் விதிப்படி, இப்படித் தவறிப் போனதைத் தெரிந்துகொண்ட வக்கீல், 10 நாளுக்குள் 'இதெல்லாம் ரகசியம், திருப்பிக் கொடு' என்று முறையாகக் கேட்டிருக்கலாம். பாங்க்ஸ்டன் தகவலும் சொல்லியிருந்தார். முறையாக யாரும் கேட்கவில்லை. ஜூரி அந்த வாரமே ஜோன்ஸுக்கு மொத்தம் 4.9 கோடி டாலருக்கு மேல் விதித்தது.

வணக்கம் நண்பர்களே. ஜோன்ஸ் மேல் யாருக்கும் பரிதாபம் வராது, எனக்கும் வரல. ஆனா தவறுதலாக அனுப்பிய கோப்புகளில் இன்னொன்றும் இருந்தது: வேறொரு மாநிலத்தில் அதே ஜோன்ஸ் மேல் வழக்கு போட்டிருந்த வேறு பெற்றோர்களின் ரகசிய மருத்துவக் குறிப்புகள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இன்றைய எபிசோடின் கேள்வியே அதுதான். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்ற ஒரு வாக்குறுதியை நாம நானூறு வருஷத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டு இருக்கோம். அந்த வாக்குறுதி எங்கே வாழுது? வக்கீலின் வாயிலா, அவர் மேஜையிலா, அவர் ஃபோனிலா?

வைத்தியர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாது என்று நம்ம ஊரில் பெரியவங்க சொல்வாங்க. அதுக்கு ஒரு மறுபாதி இருக்கணும் இல்லையா? நான் உண்மையைச் சொன்னா, நீ அதை யார்கிட்டயும் சொல்லாம இருக்கணும். அந்த மறுபாதியை எழுதி வைத்த பழைய வழக்குகளில் ஒன்று இங்கிலாந்தில் 1577-ம் வருஷத்தது. பெர்ட் எதிர் லவ்லேஸ் என்று பெயர். தாமஸ் ஹாட்ரி என்ற வக்கீலைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். அவர் 'நான் பிரதிவாதிக்கு வக்கீலாக இருக்கேன், ஃபீஸ் வாங்கியிருக்கேன்' என்று சத்தியம் செய்து சொல்கிறார். சரி, இவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உத்தரவு. விஷயம் அவ்வளவுதான், சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் இது பெரும்பாலும் வக்கீலின் மானப் பிரச்சினையாகத்தான் பார்க்கப்பட்டது. கனவான் ஒருவர் கொடுத்த வாக்கை மீறலாமா என்ற கேள்வி. கட்சிக்காரரின் உரிமை என்ற எண்ணம் பிறகுதான் வலுப்பட்டது. (கட்சிக்காரர்னா அரசியல் கட்சி இல்லைங்க, கோர்ட் பாஷையில் கிளையன்ட். இந்த எபிசோட் முழுக்க அந்தச் சொல் வரும்.)

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆகணும். 1743, டப்ளின். ஜேம்ஸ் ஆன்னஸ்லி என்ற இளைஞன். 12 வயதில் அவனைக் கடத்தி, கப்பல் ஏற்றி, அமெரிக்காவுக்குக் கொத்தடிமையாக அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பாவின் சொத்தும் பட்டமும் சித்தப்பாவுக்குப் போய்விட்டது. அவர்தான் ஆங்கிள்சி பிரபு. வருஷங்கள் கழித்து ஜேம்ஸ் திரும்பி வருகிறான். வந்த இடத்தில் அவன் கையில் இருந்த துப்பாக்கி வெடித்து ஒருவர் இறந்துபோகிறார். அது விபத்து. ஆனா சித்தப்பா விடுவாரா? கொலைக் குற்றமாக நடத்தப் பணத்தை இறைக்கிறார். தன் வக்கீல் ஜான் கிஃபர்டிடம், இவனைத் தூக்கில் போட 10,000 பவுன் கொடுக்கவும் தயார் என்று சொல்கிறார். ஜேம்ஸ் கொலை வழக்கில் விடுதலையாகி, சொத்துக்காக வழக்கு போடும்போது, அதே கிஃபர்ட் வந்து இந்தப் பேச்சைச் சாட்சியமாகச் சொல்கிறார்.

சொல்லலாமா? நாள்கணக்கில் வாதம் நடந்த அந்த வழக்கில் இதுதான் சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் நிற்கும் பகுதி. சொல்லலாம் என்றது கோர்ட். வழக்கு நடத்தத் தேவையான பேச்சு ரகசியம். ஒருத்தனை அநியாயமாகத் தூக்கில் ஏற்ற எவ்வளவு செலவாகும் என்ற பேச்சு அதில் சேராது. ஜூரி ஜேம்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனா பட்டம் அவன் கைக்குக் கடைசி வரை வரவில்லை. 1760-ல் இறந்துபோனான். நம்ம ஊர் சொத்து வழக்குகளைப் பார்த்தவங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது.

இந்த இரண்டு பாடத்தையும் எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். அதில் 126-ம் பிரிவு: பாரிஸ்டர், அட்டர்னி, பிளீடர், வக்கீல் யாரானாலும், தொழில் முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் சொல்லக் கூடாது. ஸ்டீஃபன் உதாரணங்களும் வைத்தார். நான் கள்ளக் கையெழுத்து போட்டேன், எனக்காக வாதாடுங்க என்று ஒருத்தர் சொன்னால் அது ரகசியம். ஏன்னா, குற்றம் செய்தவருக்கும் வக்கீல் வேணும். இதோ ஒரு போலிப் பத்திரம், இதை வெச்சு வழக்கு போட்டு அந்தச் சொத்தை வாங்கிக் கொடுங்க என்றால் அது ரகசியம் இல்லை. நடந்து முடிந்த குற்றத்துக்குப் பாதுகாப்பு உண்டு, நடக்கப் போகிற குற்றத்துக்கு இல்லை. ஆங்கிள்சி பிரபுவின் நிழல் இதில் தெரியுது இல்லையா?

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த பிரிவு, 127. யாருமே பேசாத பிரிவு. அதில் ஸ்டீஃபன் சொல்வது: இந்த விதி மொழிபெயர்ப்பாளருக்கும், வக்கீலின் குமாஸ்தாவுக்கும், வேலைக்காரர்களுக்கும் பொருந்தும். வெள்ளைக்கார நீதிபதி, உள்ளூர் கட்சிக்காரர், நடுவில் மொழிபெயர்ப்பாளர். கட்டை எடுத்து வைப்பது குமாஸ்தா. அறையைப் பெருக்குபவர் காதிலும் விழும். ஒரு ரகசியம் எத்தனை கை மாறும் என்று அந்த மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 150 வருஷத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல் அலுவலகத்தின் 'டேட்டா செக்யூரிட்டி' இதுதான்: வக்கீலின் வாய், குமாஸ்தாவின் வாய், பீரோவின் பூட்டு.

அது போதுமானதாகவும் இருந்தது. ஏன்? பேப்பருக்கு எடை இருக்கு. ஒரு கேஸ் கட்டைத் திருடணும்னா யாராவது அறைக்குள் நுழையணும், தூக்கணும், அடுத்த நாள் கட்டு காணோம் என்று தெரியும். அதுவும் ஒரு கட்டுதான் போகும். பக்கத்தில் இருக்கும் விவாகரத்துக் கட்டும், மூன்றாவது அலமாரியில் இருக்கும் உயிலும் அங்கேயே இருக்கும். நூலால் கட்டிய ஒவ்வொரு கட்டும் ஒரு தனி ரகசியம். அதற்கு யாரும் சட்டம் போடவில்லை, காகிதத்தின் குணம் அப்படி.

கம்ப்யூட்டர் வந்து இந்த நூலை அவிழ்த்துவிட்டது.

அமெரிக்க வக்கீல் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் 1999-ல் ஒரு கருத்துரை கொடுத்தது. சங்கேதப் பூட்டு இல்லாத சாதாரண ஈமெயிலில் கட்சிக்காரரோடு பேசலாமா? பேசலாம் என்றார்கள். தபாலும் தொலைபேசியும் போலத்தான், ஒட்டுக் கேட்பது சட்டவிரோதம், அதனால் ரகசியம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே என்று காரணம். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான வாதம். திருடுவது குற்றம், அதனால் கதவைப் பூட்ட வேண்டாம் என்ற மாதிரி. 2012-ல் நடத்தை விதிகளுக்கான விளக்கத்தில் தொழில்நுட்பத்தின் பலன்களையும் ஆபத்துகளையும் தெரிந்துவைப்பது வக்கீலின் கடமை என்று சேர்த்தார்கள். 2017-ல் இன்னொரு கருத்துரை: எல்லா விஷயத்துக்கும் சாதாரண ஈமெயில் போதாது, விஷயத்தின் தீவிரத்தைப் பார்த்துப் பாதுகாப்பைக் கூட்டணும். 18 வருஷத்தில் 'பரவாயில்லை' என்பதில் இருந்து 'பார்த்து' என்பதற்கு வந்தார்கள்.

அதற்குள் தவறுகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. 2019 ஜனவரியில் டிரம்பின் பழைய பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள் கோர்ட்டில் ஒரு பிடிஎஃப் தாக்கல் செய்தார்கள். ரகசிய வரிகள் மேல் கறுப்புப் பட்டை. நிருபர்கள் அந்தப் பட்டையை மவுஸால் தேர்வு செய்து, காப்பி எடுத்து, வேறொரு பக்கத்தில் பேஸ்ட் செய்தார்கள். எழுத்து அப்படியே வந்துவிட்டது. தேர்தல் கருத்துக்கணிப்புத் தகவலை அவர் யாரோடு பகிர்ந்தார் என்பது உட்பட. பேப்பரில் மையால் அடித்தால் அடித்ததுதான். திரையில் கறுப்புப் பட்டை என்பது எழுத்து மேல் போர்த்திய துணி மட்டும். கையால் பழகிய புத்தி, கருவி மாறினதைக் கவனிக்கல.

எடை இல்லாத ரகசியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய சாட்சி பனாமா. மொசாக் ஃபொன்செகா என்ற வக்கீல் நிறுவனத்தில் இருந்து 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட், ஜெர்மனியின் ஸ்யூடாய்ட்ச ஸைடுங் பத்திரிகைக்குப் போயின. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க வெளியானது. நிறுவனத்தின் இணையதள மென்பொருள் பல வருஷமாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்ததைப் பாதுகாப்பு நிபுணர்கள் அப்போது சுட்டிக்காட்டினார்கள். 2018-ல் நிறுவனத்தையே மூடினார்கள். வரி ஏய்ப்பவர்களின் ரகசியம்தானே, வெளியே வந்தது நல்லதுதானே என்று நீங்க கேட்கலாம். நானும் அந்தச் செய்திகளை ஆர்வமாகத்தான் படிச்சேன். ஆனா ஒன்று: அந்த 1.15 கோடியைக் காகிதத்தில் கடத்தணும்னா எத்தனை லாரி வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுவரை சொன்னது தவறும் கசிவும். வக்கீலைக் குறிவைத்தே வேலை செய்வது ஒரு தொழிலாகவே இருந்தது, அதன் ஒரு முக்கியமான முகவரி நம்ம டெல்லி. 2020 ஜூனில் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 'டார்க் பேசின்' என்று பெயர் வைத்து ஒரு கூலி ஹேக்கிங் வலையை வெளியிட்டார்கள். டெல்லியில் இருந்த பெல்ட்ராக்ஸ் என்ற நிறுவனத்தோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். 2022-ல் ராய்ட்டர்ஸ் இன்னும் ஆழமாகத் தோண்டியது. 7 வருஷத்தில் அனுப்பிய 80,000-க்கும் மேற்பட்ட ஈமெயில்களின் பட்டியல் அவர்களுக்குக் கிடைத்தது. அதில் குறிவைக்கப்பட்டவர்களில் சுமார் 1,000 பேர் வக்கீல்கள், 108 வக்கீல் நிறுவனங்களில் வேலை செய்தவர்கள். ஏன் வக்கீல்? வழக்கில் ஜெயிக்க ஆசைப்படும் ஒருத்தருக்கு, எதிராளியைத் துரத்துவதை விட எதிராளியின் வக்கீலின் இன்பாக்ஸைத் திறப்பது சுலபம். எதிராளி தன் பலவீனத்தை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருப்பார். வக்கீலிடம் பொய் சொல்லக் கூடாது இல்லையா?

சரி, இதுவரை திருடுவதைப் பற்றிப் பேசினோம். இப்போ சொல்லப் போவது அதன் தலைகீழ், எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் கனமாகத் தோன்றும் பகுதி.

சுரேந்திர காட்லிங், நாக்பூரில் வக்கீல். தலித், ஆதிவாசி வழக்குகளை எடுத்து நடத்தியவர். 2018 ஜனவரி 1-ம் தேதி புனே அருகே பீமா கோரேகானில் வன்முறை நடந்தது. அந்த விசாரணையில் ஏப்ரல் 17 அன்று காட்லிங் வீட்டிலும், டெல்லியில் ரோனா வில்சன் என்ற செயற்பாட்டாளர் வீட்டிலும் போலீஸ் சோதனை போட்டுக் கணினிகளை எடுத்துச் சென்றது. ஜூன் 6-ல் இருவரும் கைது. ஹார்ட் டிஸ்குகளில் மாவோயிஸ்ட் தொடர்பைக் காட்டும் கடிதங்கள் இருந்தன என்பது வழக்கின் முக்கியமான அங்கம்.

பிறகு தற்காப்புத் தரப்பு அந்த டிஸ்குகளின் நகலை அமெரிக்காவில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பியது. 2021-ல் அறிக்கைகள் வந்தன. காட்லிங்கின் கணினிக்குள் 2016 பிப்ரவரியில் ஒரு ஈமெயில் இணைப்பு வழியாக நெட்வயர் என்ற தொலைகட்டுப்பாட்டு மால்வேர் நுழைந்தது, 20 மாதங்களுக்கு மேல் உள்ளேயே இருந்தது, அந்த வழியாக 14 ஆவணங்கள் ஒரு மறைவான கோப்புறையில் கொண்டுவந்து வைக்கப்பட்டன என்கிறது அறிக்கை. வில்சனின் கணினி பற்றிய அறிக்கையில் ஒரு சின்ன விவரம் வருது. அவர் கணினியில் இருந்தது வேர்டு 2007. ஆனா அங்கே கிடைத்த சில ஆவணங்கள் அதற்குப் பிந்தைய வேர்டில் இருந்து பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. உங்க வீட்டு டைப்ரைட்டரில் இல்லாத எழுத்துரு, உங்க கடிதத்தில் வந்த மாதிரி.

இங்கே நிதானமாகப் பேசணும். தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. அறிக்கை சரியா தப்பா என்பது வழக்கு விசாரணையில் தீர வேண்டிய விஷயம். நான் சொல்ல வருவது வேறொரு புள்ளி. ஸ்டீஃபனின் சட்டம் ஒரே ஒரு பயத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது: வக்கீலிடம் இருந்து ஏதாவது வெளியே போய்விடுமோ. அந்த அறிக்கை சொல்கிற மாதிரி வக்கீலின் மேஜைக்குள் ஏதாவது வந்து சேர்வது என்ற பயத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பீரோவுக்கு ஒரு பக்கம்தான் பூட்டு வைத்தோம்.

காட்லிங்குக்கு வக்கீலாக நின்றவர்களில் ஒருவர் நிகால்சிங் ராத்தோட். 2019 அக்டோபரில் வாட்ஸ்அப் வழியாக பெகசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டவர்களில் தானும் ஒருவர் என்று அவருக்குத் தெரியவந்தது. அதோடு முடியல. 2020 ஜூனில் ஆம்னஸ்டியும் சிட்டிசன் லேபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் ஈமெயில் வழியாக நெட்வயர் அனுப்பப்பட்ட 9 பேரில் அவர் பெயரும் இருந்தது. அந்த ஈமெயில்களில் சில கோர்ட் சம்மன் மாதிரி வேஷம் போட்டு வந்தவை. இதில் இருக்கும் தந்திரத்தைப் பாருங்க. தெரியாத இணைப்பைத் திறக்காதீங்க என்று நாம எல்லாருக்கும் சொல்றோம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் சம்மனைத் திறந்து படிப்பதுதான் வக்கீலின் வேலையே. அவர் திறக்காமல் இருக்க முடியாது.

இன்னொரு வழி, கதவைத் தட்டி, வாரண்டோடு வருவது. 2020 டிசம்பரில் டெல்லி போலீஸ் வக்கீல் மெஹ்மூத் பிராச்சாவின் அலுவலகத்தில் சோதனை போட்டது. டெல்லி கலவர வழக்குகளில் பலருக்காக ஆஜரானவர். ஒரு போலி ஆவணம் பற்றிய விசாரணை என்றது போலீஸ். 2021 மார்ச்சில் மறுபடியும் வந்தார்கள், கணினியின் ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று. பிராச்சாவின் வாதம் இது: நீங்க கேட்கும் ஆவணத்தைத் தரேன், டிஸ்க் முழுசையும் கொடுத்தால் அதில் இருக்கும் மற்ற எல்லாக் கட்சிக்காரர்களின் ரகசியமும் போய்விடும், 126-ம் பிரிவு என்னைத் தடுக்குது. காகிதக் காலமாக இருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது. அந்த ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

போலீஸ் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். ஒரு ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால், அது எப்போ உருவானது, யார் திருத்தினார்கள், முந்தைய வடிவம் அழிக்கப்பட்டதா என்பது தெரியாமல் போகலாம். அதனால்தான் தடயவியலில் முழு டிஸ்கையும் பிட் பிட்டாக நகல் எடுத்து, அதற்கு ஹேஷ் மதிப்பு கணக்கிடுவார்கள். ஹேஷ் என்பது டிஸ்கின் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். எடுத்த அன்றே, எடுத்த இடத்திலேயே அந்த எண்ணைக் குறித்து இரண்டு தரப்பும் கையெழுத்து போட்டால், பிறகு யாராவது எதையாவது நுழைத்தால் அது தெரிந்துவிடும். ஆனா எடுப்பதற்கு முன்னாடியே நுழைந்ததை ஹேஷ் காட்டாது. காட்லிங் வழக்கு அங்கேதான் நிக்குது.

அப்புறம் 2025. இந்தச் சட்டத்தின் பெயரே மாறிவிட்டது. 1872 சட்டம் போய், 2024 ஜூலையில் இருந்து பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கு. பழைய 126 இப்போ 132. ஜூன் மாதம் அமலாக்கத் துறை சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு சம்மன் அனுப்பியது. ஒரு நிறுவனத்துக்கு அவர் கொடுத்த சட்டக் கருத்து பற்றி விசாரிக்க. பிறகு இன்னொரு மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும். நாடு முழுக்க வக்கீல்கள் கொதித்தார்கள், சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆனா பெரிய பெயர் இல்லாத வக்கீலுக்கு சம்மன் வந்தா யார் கொதிப்பாங்க? குஜராத்தில் ஒரு கடன் தகராறு வழக்கில் வக்கீல் ஒருவருக்குப் போலீஸ் அனுப்பிய சம்மன் சுப்ரீம் கோர்ட் வரை போனது, கோர்ட் தானாகவே இதை வழக்காக எடுத்தது.

2025 அக்டோபர் 31, தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு. கட்சிக்காரர் பற்றிய விவரம் கேட்டு வக்கீலுக்கு சம்மன் அனுப்பக் கூடாது. 132-ம் பிரிவின் விதிவிலக்குகளில் வந்தால் மட்டும், எந்த விதிவிலக்கு என்று குறிப்பிட்டு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு அனுப்பலாம். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது கருவிகள் பற்றிய பகுதி. வக்கீலின் ஃபோனோ லேப்டாப்போ வேணும்னா, அதை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டாம், கோர்ட்டில்தான் ஒப்படைக்கணும். சம்பந்தப்பட்ட கட்சிக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் ஆட்சேபணையைக் கேட்கணும். ஆட்சேபணை தள்ளுபடியானாலும், கட்சிக்காரரும் வக்கீலும் முன்னால் இருக்கும்போதுதான் கருவியைத் திறக்கணும், அவர்கள் விரும்பும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரின் உதவியோடு. மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் கெடாமல் பார்த்துக்கொள்ளணும்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த எபிசோடையே பண்ணேன். அவிழ்ந்துபோன நூலை மறுபடி கட்டும் முயற்சி அது. ஒரு கருவிக்குள் பல கட்டுகள் இருக்கு, ஒன்றைப் பிரிக்கும்போது மற்றவை மூடியே இருக்கணும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் வாய்விட்டுச் சொல்லியிருக்கு. ஆஸ்டினில் அந்தப் பெற்றோர்களின் மருத்துவக் குறிப்புகளுக்குக் கிடைக்காத மரியாதை.

ஆனா இந்தத் தீர்ப்பு, கதவைத் தட்டி வருகிறவர்களுக்கான விதி. வாரண்ட் இல்லாமல், சம்மன் வேஷத்தில் இன்பாக்ஸுக்குள் வருகிறவர்களை அது தடுக்காது. அங்கே வக்கீலின் கைவேலைதான்: டிஸ்கை முழுசாக என்கிரிப்ட் செய்வது, ஃபோனைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, வரும் இணைப்புகளைக் கேஸ் ஃபைல் இருக்கும் கணினியில் திறக்காமல் தனியாக ஒரு கணினியில் திறப்பது. பெரிய நிறுவனத்துக்கு இதெல்லாம் ஒரு ஐடி ஆளின் சம்பளம். மாவட்ட கோர்ட் வாசலில் ஒரே ஃபோனில் கட்சிக்காரர், குடும்பம், குமாஸ்தா, கூகுள் பே எல்லாத்தையும் வைத்திருக்கும் ஜூனியருக்கு?

நீங்களும் இதில் இருக்கீங்க. ஆஃபீஸ் புகாருக்கோ, விவாகரத்துக்கோ, வாடகை அட்வான்ஸ் தகராறுக்கோ ஒரு வக்கீலைப் பார்த்திருந்தால், என்ன செய்தீங்க? ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினீங்க. போகும் வழியில் அது பூட்டியே போகும், அது உண்மை. போய்ச் சேர்ந்த பிறகு, அவர் ஃபோன் கேலரியில் சேமிக்கப்படலாம். கேலரி தானாக கிளவுடுக்குப் போகலாம். பேக்கப்புக்கு என்கிரிப்ஷனை அவரே இயக்கினால்தான் உண்டு. திரை உடைந்தால், பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபோனை ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வருவார்.

புதிய சட்டத்தின் 132-ம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று இருக்கு. ஸ்டீஃபனின் பழைய 127 அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கு, கிட்டத்தட்ட அதே ஆட்களோடு: மொழிபெயர்ப்பாளர்கள், வக்கீலின் குமாஸ்தாக்கள், பணியாளர்கள். இன்றைக்கு அந்த அலுவலகத்தில் கட்டை எடுத்து வைப்பது கூகுள் டிரைவ். மொழிபெயர்ப்பது ஏதோ ஒரு ஏஐ செயலி. அறையைப் பெருக்கும்போது காதில் விழுவது ரிப்பேர் கடைப் பையனுக்கு. இவர்களில் யார் குமாஸ்தா, யார் பணியாளர், யார் வெளியாள் என்ற கேள்வியோடு ஏதாவது ஒரு கட்சிக்காரர் என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டுக்குப் போவார்.